த்ரீ பேஸ் ஆக்கச் சொல்றதுக்கு முன்னாடி: பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு வயர்மேனோட திறந்த மடல்

சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், கோலாலம்பூர்னு எங்கெங்கயோ இருந்துகிட்டு காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துல பெரிய வீட்டுல பங்கு வெச்சிருக்குற அண்ணன்மாரு, ஆச்சிமாரு எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் வயரிங் வேலை பாக்குறவன். உங்கள்ல சில பேரு வீட்டு வளவுல, அதான் முத்தத்தைச் சுத்தின உள்கட்டுல, ஏணி போட்டு ஏறினவன்தான். பேரெல்லாம் எதுக்கு, விஷயத்துக்கு வந்துடுறேன்.

வீட்டுல ஒரு கல்யாணமோ மணிவிழாவோ வருதுன்னா முதல்ல உங்க வாட்ஸப் குரூப்ல ஒரு முடிவு எடுத்துடுறீக, அப்பறம் எங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வருது, "தம்பி, சிங்கிள் பேஸ் பத்தாது, த்ரீ பேஸ் ஆக்கிரு, ரூமுக்கு ரூம் ஏசி போட்டுக்கலாம், அதுக்கப்பறம் கவலையே இல்ல". அந்த கடைசி வார்த்தையக் கேட்டாத்தான் எனக்கு கவலை ஆரம்பிக்குது. ஏன்னா த்ரீ பேஸ்னா ஏதோ பெரிய கரண்டு, மூணு மடங்கு வலு, அது வந்துட்டா வீடு தானா சரியாயிடும்னு நிறைய பேரு நினைச்சுகிட்டு இருக்கீக. உங்க ரூம்ல இருக்குற ஏசிக்கும் ஃபேனுக்கும் த்ரீ பேஸ் வந்தாலும் சிங்கிள் பேஸ்தான் போகும், அதே 230 வோல்ட்தான். முகப்புல இருக்குற மீட்டர்ல இருந்து உள்ள எப்படி பிரிச்சுக் கொண்டு போறோம்ங்கிறதுதான் மாறுது. பிரிக்கிற வேலைய ஒழுங்கா பண்ணலைன்னா பழைய சிங்கிள் பேஸே பாதுகாப்பு, சத்தியமா சொல்றேன்.

ஊருக்கு வரும்போது கார்ல இருந்தே பாருங்க, ரோட்டோரமா போற 11 கேவி, அதாவது பதினோராயிரம் வோல்ட் லைன்ல மூணே மூணு கம்பி இருக்கும். அது டிரான்ஸ்பார்மருக்குள்ள போயி இந்தப் பக்கம் வரும்போது நாலாயிடும், தெருவிளக்குக்கு தனியா இழுத்திருந்தா அஞ்சு. அந்த நாலுல மூணு பேஸ், நாங்க ஆர், ஒய், பி-ன்னு சொல்லுவோம், சிவப்பு மஞ்சள் நீலம். நாலாவது நியூட்ரல், கருப்பு. எந்த ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவுல 400 வோல்ட். 230ஐ ரெண்டால பெருக்கினா 460 தானே வரணும், 400 எப்படின்னு ஒரு அண்ணன் கேட்டாரு, நல்ல கேள்வி. மூணு பேஸும் ஒரே நேரத்துல ஏறி இறங்குறதில்ல. நம்ம கரண்டு செகண்டுக்கு 50 தடவை ஏறி இறங்குது, ஒரு சுத்துக்கு 20 மில்லி செகண்டு. ஆர் பேஸ் உச்சிக்குப் போயி ஆறே முக்கால் மில்லி செகண்டு கிட்ட கழிச்சு ஒய் உச்சிக்கு வரும், அதே அளவு கழிச்சு பி. சுத்துல மூணுல ஒரு பங்கு தள்ளித் தள்ளி வரும், 120 டிகிரின்னு படிச்சிருப்பீக. அந்த தள்ளல்னாலதான் 1.732 மடங்கு, 230க்கு 398, அதைத்தான் ரவுண்டா 400ங்கிறோம். பழைய ஆளுங்க 240, 415ன்னு சொல்லுவாங்க, அது முன்ன இருந்த கணக்கு.

இந்த தள்ளி வர்றதுல ஒரு அழகு இருக்கு. மூணு பேஸ்லயும் ஒரே அளவு லோடு இருந்துச்சுன்னா, எந்த நொடில பாத்தாலும் மூணு கரண்டையும் கூட்டினா பூஜ்யம். ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்பி வந்துடும், நியூட்ரல்ல ஒண்ணுமே ஓடாது. உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா மூணு பங்காளி வீட்டுச் செலவை சமமா போட்டுட்டா பொதுக் கணக்குல பாக்கி நிக்காது, ஒருத்தர் கூட ஒருத்தர் கம்மின்னு போட்டாத்தான் பொதுக் கணக்குல வித்தியாசம் விழும், அந்தப் பொதுக் கணக்குதான் நியூட்ரல். ஆர்ல 35 ஆம்ப்ஸ், ஒய்ல 10, பில 10 ஓடுதுன்னு வைங்க, பத்து பத்து பத்து தங்களுக்குள்ள கழிஞ்சுரும், மிச்சம் 25 ஆம்ப்ஸ் நியூட்ரல்ல வந்து நிக்கும்.

இப்ப உங்க வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி அஞ்சு, ஒண்ணு 1600 வாட்னு வெச்சாலும் 8000. கீசர் ரெண்டு, 4000. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாம் சேத்து ஒரு 1500. லைட்டு ஃபேன் 1000. மொத்தம் பதினாலரை கிலோவாட். சிங்கிள் பேஸ்ல இதை ஒரே வயர்ல இழுத்தா 63 ஆம்ப்ஸ். தாத்தா காலத்து மெயின் போர்டுக்கு 63 ஆம்ப்ஸ்னா பலகையே புகைஞ்சுரும். அதுவுமில்லாம நாலு கிலோவாட்டுக்கு மேல போனா த்ரீ பேஸ் எடுக்கணும்ங்கிறதுதான் நம்ம மாநிலத்துல ரொம்ப காலமா இருக்குற கணக்கு. த்ரீ பேஸ்ல சமமா பிரிச்சா ஒவ்வொரு வயர்லயும் 21 ஆம்ப்ஸ், சுகமா ஓடும். ஆக நீங்க கேக்குறது நியாயம்தான், நான் வேண்டாங்கல.

ஆனா நடக்குறது என்ன தெரியுமா. மீட்டர் மாத்துவாங்க, புது சர்வீஸ் வயர் வரும், மூணு பேஸும் முகப்பு வரைக்கும் வந்து நிக்கும், அங்க இருந்து உள்ள போறது பழைய ஒத்தை வயர்தான். "உள்ள அப்பறம் பாத்துக்கலாம், சுவத்துல கை வைக்க வேண்டாம், பங்காளிக எல்லாரும் சம்மதிக்கணும்". அப்ப என்னாகும், ரூம் ரூமா இருக்குற ஏசி அஞ்சும் ஆர் பேஸ்லயே உக்காந்திருக்கும், ஒய்ல கோலம் போடுற முத்தத்து லைட்டு, பில ஒண்ணுமே இல்ல. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி ஆர் பேஸ் பீஸ் போகும், நீங்க போன் பண்ணி "த்ரீ பேஸ் போட்டும் இப்படியா"ம்பீக. போட்டது எங்க, வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீக.

நம்ம வீடுகளுக்கு த்ரீ பேஸ்னால கிடைக்குற நெசமான லாபம் வேற ஒண்ணு. இந்த வீடெல்லாம் ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல பின்கட்டுன்னு நீளமா கட்டினது. முகப்புல இருந்து அடுப்படிக்கு வயர் சுத்தி வளைச்சுப் போனா 60 மீட்டர் ஈசியா ஆகும். சாதாரணமா போடுற 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 7.4 ஓம் கிட்ட தடை. போக வர 120 மீட்டர், தடை 0.89 ஓம். பின்கட்டுல ஒரு கீசரும் கிரைண்டரும் ஓடி 15 ஆம்ப்ஸ் இழுத்தா வழியிலயே 13 வோல்ட் காலி, 200 வாட் சுவத்துக்குள்ள சும்மா சூடாகுது. அதே லோடை மூணு பேஸ்ல அஞ்சஞ்சு ஆம்ப்ஸா சமமா பிரிச்சு அனுப்பினா, நியூட்ரல்ல ஒண்ணும் ஓடாததால ஒரு வழி தடைதான் கணக்கு, இறங்குறது ரெண்டு வோல்ட்டு சொச்சம், வீணாறது 33 வாட். அதே வயருல, அதே வேலைக்கு, ஆறுல ஒரு பங்கு நஷ்டம். பின்கட்டுல கிரைண்டர் மூச்சு வாங்குதுன்னு ஆச்சிமாரு சொல்றதுக்கு மருந்து இதுதான், ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கிறது இல்ல. அதனால மூணு பேஸையும் பின்கட்டு வரைக்கும் கொண்டு போயி அங்க கரண்டைப் பிரிச்சு விடுற டிபி பாக்ஸ் ஒண்ணு தனியா வைக்கணும், அங்க இருந்து பிரிக்கணும்.

இதைக் கண்டுபிடிச்சவுகளுக்கும் நம்ம மாதிரி தூரம்தான் தலைவலி. 1891ல ஜெர்மனில லாஃபன்ங்கிற ஊர்ல இருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் த்ரீ பேஸ்ல கரண்டு அனுப்பிக் காமிச்சாங்க, அதுல பெரிய கை டோலிவோ டோப்ரோவோல்ஸ்கின்னு ஒரு ரஷ்யக்காரரு. நம்ம பக்கத்துல பர்மா தேக்கு கப்பல்ல வந்து இறங்கிக்கிட்டு இருந்த காலம் அது. நம்ம மாகாணத்துல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துல இருந்து கரண்டு வர ஆரம்பிச்சதே 1932ல. ஆக உங்க வீடு கட்டினவுகளுக்கு வயர் போக வழி விட்டுக் கட்டணும்னு தோண வாய்ப்பே இல்ல, அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது.

மோட்டார் விஷயம் கொஞ்சம் சொல்லிடுறேன், அங்கதான் ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா கண்டென்சர் போச்சும்பாங்கள்ல, அது ஏன் ஃபேனுக்குள்ள இருக்குதுன்னு யோசிச்சிருக்கீகளா. சிங்கிள் பேஸ் கரண்டு ஒரே கோட்டுல முன்னயும் பின்னயும் இழுக்குமே தவிர சுத்தி விடாது, ஸ்டார்ட் ஆக ஒரு தள்ளு வேணும், அந்தத் தள்ளைக் குடுக்கத்தான் இன்னொரு காயிலும் கண்டென்சரும். த்ரீ பேஸ்ல மூணும் வரிசையா வர்றதால காந்தமே தானா சுத்தும், கண்டென்சர் வேண்டாம், மோட்டார் சின்னதா இருந்தாலும் தெம்பா ஓடும், அதிராது. புதுவயல் ரைஸ் மில்லுகள்ல போயி பாருங்க, எல்லாம் அதான். ஏதாவது ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கமா சுத்தும். இது உங்களுக்கு எதுக்குன்னா, போர்ல த்ரீ பேஸ் மோட்டார் இறக்கியிருந்தீகன்னா கல்யாணத்தன்னிக்கு ஜெனரேட்டருக்கு மாத்தினதும் தண்ணி சன்னமா வரும். மோட்டார் போச்சு, போர் வத்திப்போச்சுன்னு ஆளாளுக்கு கத்துவாக. ஜெனரேட்டர்காரர் பேஸ் வரிசையை மாத்திக் குடுத்திருப்பாரு, மோட்டார் தலைகீழா சுத்திக்கிட்டு இருக்கும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு பேஸ் போச்சுன்னா த்ரீ பேஸ் மோட்டார் நிக்காது, மிச்ச ரெண்டுல அதிகமா இழுத்துகிட்டு உர்ருன்னு ஓடும், கொஞ்ச நேரத்துல காயில் கருகிடும். நம்ம பக்கம் காயில் கட்டுற கடைக்காரங்க சோறு சாப்பிடுறதே இதனாலதான். சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர்னு ஒரு சின்ன டப்பா, ஸ்டார்டர்லயே வெச்சுடலாம், காயில் கட்டுற கூலில பாதிகூட ஆகாது. வீட்டுக்கு ஒரு ஹெச்பி, ஒன்றரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரே போதும்னா அதையே வெச்சுக்கங்க, த்ரீ பேஸ் வாங்கிட்டோம்னு மோட்டாரையும் மாத்தத் தேவையில்ல.

பில்லு அதிகமாகுமான்னு கேக்குறீக. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், அது ஒரு பேஸ்ல ஓடினாலும் மூணு பேஸ்ல ஓடினாலும் ஒரு யூனிட்டுதான். டெபாசிட்டு, சர்வீஸ் சார்ஜுன்னு ஆரம்பச் செலவு கூட வரும், அதுக்கு மேல பில் ஏறுச்சுன்னா ஏசி ஓடுனதுக்கு ஏறுனது.

இப்ப நான் இந்த மடலே எழுதுறதுக்கு காரணமான விஷயம். நியூட்ரல்.

சிங்கிள் பேஸ் வீட்டுல நியூட்ரல் கட் ஆனா லைட்டு எரியாது, அவ்ளோதான் உங்களுக்குத் தெரியும். த்ரீ பேஸ் வீட்டுல பொது நியூட்ரல் கட் ஆனா வீடு இருட்டாகாது, சில லைட்டு பளீர்னு எரியும், சிலது மங்கும், ரெண்டு நிமிசத்துல டிவி, ஃப்ரிட்ஜ், வைஃபை டப்பா வரிசையா வெடிக்கும். ஏன்னா திரும்பிப் போக நியூட்ரல் இல்லாததால ஒரு பேஸ்ல இருக்குற சாமானும் இன்னொரு பேஸ்ல இருக்குற சாமானும் சங்கிலி மாதிரி சேந்து 400 வோல்ட்டுக்கு நடுவுல மாட்டிக்கும். ஆர்ல 2000 வாட் கீசர் ஓடுது, ஒய்ல 200 வாட்டுக்கு டிவியும் ரெண்டு மூணு ஃபேனும் ஓடுது, பில ஒண்ணும் இல்லைன்னு வைங்க. கீசரோட தடை 26 ஓம், அந்தப் பக்கம் 264 ஓம். 400 வோல்ட்டுல பெரும்பங்கு தடை அதிகமா இருக்குற பக்கம் போயிடும், கணக்கு போட்டா டிவிக்கு 364 வோல்ட். கீசருக்கு வெறும் 36, அது பாட்டுக்கு சிவனேன்னு இருக்கும். லேசான லோடு இருக்குற பேஸ்தான் அடி வாங்கும், அதாவது விலை கூடின சாமான் இருக்குற பேஸ்.

கரண்டு அதிகமானா தானா விழுற சுவிட்ச், எம்சிபி, அது ட்ரிப் ஆகாதான்னு கேப்பீக. ஆகாது, கரண்டு அதிகமா ஓடலியே, வோல்ட்டுதானே ஏறுது. ஷாக் அடிக்காம இருக்க வெச்ச ஆர்சிசிபியும் ஆகாது, ஏன்னா லீக்கேஜ் இல்ல. டெஸ்டர் வெச்சா பிளக்கோட ரெண்டு ஓட்டையிலயும் எரியும், அதுதான் அடையாளம். அப்படி எரிஞ்சா ஒண்ணையும் தொடாம மெயினை இறக்கிடுங்க. இதுக்கு தனியா ஓவர் வோல்டேஜ் கட் பண்ற ரிலே இருக்கு, மூணு பேஸையும் பாத்துகிட்டே இருக்கும், எங்கயாச்சும் ஏறுச்சுன்னா மொத்தத்தையும் வெட்டி விடும். ஒரு ஏசி விலையில பத்துல ஒரு பங்கு வருமா என்னவோ. ஏசி அஞ்சு வாங்குறவுக இதுக்கு யோசிக்கிறதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது.

நம்ம பழைய வீடுகள்ல இது நடக்குறதுக்கு ஒரு விசேஷக் காரணம் இருக்கு. அந்தக் காலத்து தேக்குப் பலகை மெயின் போர்டுல பீங்கான் பீஸ் கட்டை ரெண்டு ரெண்டா இருக்கும், பேஸுக்கு ஒண்ணு நியூட்ரலுக்கு ஒண்ணு. பாக்க அழகா இருக்கும், பித்தளை சுவிட்சும் பீங்கானுமா, எடுக்க மனசு வராது. சிங்கிள் பேஸ்ல அது கூடாதுதான்னாலும் ஓடிருச்சு. த்ரீ பேஸ் ஆக்கினப்பறம் அந்த நியூட்ரல் கட்டையை அப்படியே விட்டா அது போற அன்னிக்கு மொத்த வீடும் போகும். 1956ம் வருசத்து இந்திய மின்சார விதிகள்லயே நியூட்ரல்ல தனியா பீஸோ சுவிட்சோ இருக்கக்கூடாது, வெச்சா பேஸோட சேந்து ஒரே நேரத்துல கட் ஆகுற மாதிரிதான் இருக்கணும்னு இருக்கு. இந்தப் பக்கம் ஒரு வீட்டுல, ஊர் பேரு வேண்டாம், பேத்தி கல்யாணத்துக்கு முதல் நாள் இந்தக் கட்டைதான் சூடாகி உருகுச்சு, வளவுல இருந்த ஃப்ரீசர், மைக் செட் ஆம்ப்ளிஃபயர், பொண்ணு வீட்டுக்காரங்க செல்போன் சார்ஜர் முழுக்க போயிருச்சு. பலகையை அழகுக்கு வெச்சுக்கங்க, நான் வேண்டாங்கல, உள்ள வயரை எடுத்துட்டு வெறும் பலகையா மாட்டித் தரேன்.

நியூட்ரல் வயரு பேஸ் வயரை விட சன்னமா இருந்தாப் போதும்னு சில பேரு சொல்லுவாங்க, சமமா இருந்தா ஒண்ணும் ஓடாதுன்னுதானே நீயே சொன்னம்பீக. இப்ப வர்ற எல்ஈடி, இன்வெர்ட்டர் ஏசி, யூபிஎஸ் இதெல்லாம் கரண்டை நைசா இழுக்காது, கடிச்சுக் கடிச்சு இழுக்கும். அதுல 150 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 150 தடவை ஏறி இறங்குற மாதிரி, ஒரு பகுதி வரும், அது மூணு பேஸ்லயும் ஒரே நேரத்துல வர்றதால கழியாம நியூட்ரல்ல சேந்து நிக்கும். அதனால நியூட்ரல் பேஸ் அளவுக்கே தடிமனா இருக்கணும், முனையில லக்குங்கிற உலோகக் கொண்டி போட்டு அழுத்தி முறுக்கணும், கையால முறுக்கி டேப் சுத்துறது ஆகாது.

அடுத்தது பங்காளி மீட்டர் கதை. நிறைய வீட்டுல ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி சிங்கிள் பேஸ் மீட்டர், முகப்புல வரிசையா மாட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு சர்வீஸ் நம்பர், ஆளுக்கு தனியா ஃப்ரீ யூனிட், சந்தோஷம். பெரியவரு மீட்டர் ஆர் பேஸ்ல இருக்கும், சின்னவரு மீட்டர் ஒய்ல இருக்கும், போஸ்ட்ல எப்படிக் குடுத்தாகளோ அப்படி. இப்ப விசேஷத்தன்னிக்கு பெரியவர் ரூம்ல இருந்து ஒரு எக்ஸ்டென்சன் பாக்ஸ், சின்னவர் ரூம்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் வளவுல பக்கத்துல பக்கத்துல கிடக்கும். அந்த ரெண்டு பாக்ஸோட பேஸுக்கும் நடுவுல 400 வோல்ட். தோல் உரிஞ்ச வயரு ரெண்டு ஒட்டிக்கிச்சுன்னா சாதா ஷார்ட் இல்ல, குண்டு மாதிரி வெடிக்கும். பிள்ளைக ஓடியாடுற இடம், மழை வேற முத்தத்துல நேரா விழும்.

அதை விட மோசம், பேஸை ஒரு மீட்டர்ல இருந்தும் நியூட்ரலை இன்னொரு மீட்டர்ல இருந்தும் எடுக்குறது. ரெண்டாம் கட்டுல லைட்டு எரியலைன்னு யாரோ ஒரு பையன் பக்கத்து ரூம் நியூட்ரலைக் குடுத்துட்டுப் போயிருப்பான், பல வருசமா ஓடிக்கிட்டு இருக்கும். நான் வந்து ஆர்சிசிபி வெச்சதும் டப்பு டப்புன்னு ட்ரிப் ஆகும், "நீ வெச்ச சாமான் சரியில்ல"ம்பீக. சாமான் சரியாத்தான் சொல்லுது, போன கரண்டு திரும்பி வரலைன்னு. அது எங்கிருந்து எங்க போகுதுன்னு தேடிக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ரூமும் திறக்கணும், சாவி ஒண்ணு மதுரையில, ஒண்ணு துபாய்ல. இந்த சாவி சமாச்சாரத்துக்கு தனியா ஒரு மடல் எழுதணும்.

ஒரு பேஸ் போனா என்ன செய்றதுன்னு அடுத்தது. எதிர் வீட்டுல எரியுது நமக்கு இல்லைன்னா அவுக வேற பேஸ், நம்ம பேஸுக்கு டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருக்கும், அவ்வளவுதான் அர்த்தம். சில நேரம் லைட்டு டிம்மா எரியும் பாருங்க, அது வேற. டிரான்ஸ்பார்மருக்கு மேல 11 கேவி பக்கம் ஒரு லைன் போயிருச்சுன்னா கீழ ஒரு பேஸ் முழுசா வரும், மத்த ரெண்டு பேஸும் பாதி வோல்ட்டு கிட்ட நிக்கும். டிம் கரண்டுல ஃப்ரிட்ஜை விடாதீக, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆக முடியாம முனகி முனகி காயில் எரியும். ஃப்ரிட்ஜ் போச்சுன்னா முக்காவாசி டிம் கரண்டுலதான் போகுதுங்கிறது என் அபிப்பிராயம்.

பேஸ் போனதும் பீஸ் கட்டையைப் பிடுங்கி அடுத்த பேஸ்ல சொருகுறது நம்ம ஊர்ல கைவந்த கலை. வாட்ச்மேன் அண்ணன்கூட செய்வாரு. தெருவே அப்படிச் செஞ்சா மிச்சமிருக்குற ரெண்டு பேஸும் கொஞ்ச நேரத்துல படுத்துக்கும். போன பேஸ் திடீர்னு திரும்பி வரும்போது ரெண்டு பேஸும் உள்ள ஒண்ணாகிற மாதிரி வயர் போட்டிருந்தா 400 வோல்ட்டும் நேருக்கு நேர் மோதும். அப்படி மாத்தியே ஆகணும்னா ரோட்டரி செலக்டர் சுவிட்ச் வைங்க, ஒரு நேரத்துல ஒரு பேஸைத்தான் பிடிக்கும், அதுவும் லைட்டு ஃபேனுக்கு மட்டும், ஏசிக்கு வேண்டாம்.

விசேஷ வீட்டு கான்ட்ராக்டர்களுக்கும் சேத்தே சொல்றேன். சீரியல் செட்டுக்காரர் எந்த கட்டை கைக்கு எட்டுதோ அதுல மாட்டுவாரு, அது எப்பவும் ஆர்தான், இடது ஓரத்துல இருக்கும்ல. மைக் செட்டும் அதுலயே. சமையல்காரர் கிரைண்டரும் அதுலயே. அவுகளுக்கு முன்கூட்டியே மூணு பாயிண்ட் தனியா போட்டு வெச்சு கலர் டேப் சுத்தி இதுல இவர், இதுல இவர்னு சொல்லிட்டா தகராறே இல்ல. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தா சேஞ்ச் ஓவர் நாலு போல் சுவிட்சா இருக்கணும், நியூட்ரலும் சேந்து மாறணும், ஜெனரேட்டரோட நியூட்ரலை எர்த் பண்ணியிருக்காரான்னு பாக்கணும். வயரைக் கவ்விப் பிடிச்சு கரண்டை அளக்குற கிளாம்ப் மீட்டர் வெச்சு மூணு வயரையும் நியூட்ரலையும் அளந்து பாக்குறது அஞ்சு நிமிச வேலை, அதை விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி எல்லாம் ஓட விட்டுப் பாத்துடணும், தாலி கட்டுற நேரத்துல இல்ல.

சுவரைப் பத்தி நீங்க பயப்படுறது நியாயம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைச்சுப் பூசின பளபளப்பை கட்டர் வெச்சு கீறினா திரும்ப அந்த மாதிரி பூச இப்ப ஆளு கிடைக்குறது குதிரைக்கொம்பு. கீற வேண்டாம். பழைய கேசிங் கேப்பிங், அதான் மூடி போட்ட மர வழியிலயே புது வயர் கொண்டு போகலாம், உள்ள கிடக்குற 3/22, 1/18 சைஸ் பழைய வயரு ரப்பர் பொடிப்பொடியா உதிர்ற நிலைமையில இருக்கு, அதை எடுத்தாலே பாதி இடம் கிடைக்கும். மூணு பேஸ் கேபிளை மேல மச்சு வழியா தனியா பின்கட்டுக்கு இறக்கலாம். ஆத்தங்குடி கல்லுலயும் கை வைக்க வேண்டியதில்ல. ஆனா ஒரு மர வழிக்குள்ள ரெண்டு பேஸை ஒண்ணா போட மாட்டேன், காசு மிச்சம்னு கேக்காதீக.

எர்த் பத்தி ஒரே வரி. நம்ம பக்கம் செம்புராங்கல், சித்திரை வைகாசில காஞ்சு கட்டாந்தரையா ஆயிடும், கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கூட சும்மா பேருக்குத்தான் இருக்கும். முத்தத்து மழைத்தண்ணி வெளிய போற வழி ஓரமா குழி போட்டா ஈரம் கொஞ்சம் நிக்கும், கோடையில வீடு பாத்துக்குற ஆளை வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுங்க.

நான் கேக்குறது இவ்வளவுதான். த்ரீ பேஸுக்கு எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடி எந்த ரூம்ல என்ன ஓடப்போகுதுன்னு ஒரு லிஸ்ட்டு, பங்காளிக எல்லாரும் சேந்து ஒரே லிஸ்ட்டா. யாரு ஏசி எந்தப் பேஸ்ல வரும்னு நான் பிரிச்சுத் தரேன், அதுல பெரியவரு சின்னவரு மரியாதையெல்லாம் பாக்க மாட்டேன், வாட்டைத்தான் பாப்பேன், கோவிச்சுக்காதீக. உள் வயரிங்குக்கும் நியூட்ரலுக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலேக்கும் சேத்தே பட்ஜெட் போடுங்க, அது முடியாதுன்னா இந்த வருசம் ரெண்டு ஏசியோட சிங்கிள் பேஸ்லயே விசேஷத்தை முடிச்சுட்டு மிச்சத்துக்கு ஜெனரேட்டர் வைங்க, அரைகுறை த்ரீ பேஸை விட அது நல்லது. தை முகூர்த்தம்னா புரட்டாசிக்குள்ள சொல்லிடணும், ஐப்பசி கார்த்திகை மழையில மச்சுல ஏறி என்னால கேபிள் இழுக்க முடியாது. ரூம் சாவி எல்லாத்தையும் ஒரு ஆள்கிட்ட குடுத்து வைங்க.

இப்படிக்கு,
காரைக்குடி பக்கத்து வயர்மேன் ஒருத்தன்